கோலி கேட்டார், கிடைத்தது! நாங்கள் கேட்டால் தப்பா?

மின்சார ரெயிலில் பெண்கள் பேசும் மூன்று விஷயம்

காலை 8½ மணி. தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரெயில். பெண்கள் பெட்டியில் கால் வைக்க இடம் இல்லை.

டிபன் பாக்ஸ், கைப்பை, காய்கறிப் பை எல்லாம் ஒன்றோடு ஒன்று இடிக்கின்றன. இடம் கிடைத்தவர் கீரை ஆய்கிறார். கிடைக்காதவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்.

இந்தப் பெட்டியில் பேசப்படாத விஷயம் கிடையாது. வெங்காயம் விலையில் தொடங்கி வீட்டுக்கடன் வட்டி வரை எல்லாவற்றையும் சத்தமாகவே பேசுவார்கள். ஆனால் மூன்று விஷயம் வந்தால் மட்டும் குரல் தானாகத் தணிந்துவிடும்.

ஒன்று, மனசுக்குப் பிடித்த நடிகர் அல்லது கிரிக்கெட் வீரர். இரண்டு, பிரசவ லீவு. மூன்று, "அடக்கம்".

மூன்றும் வேறு வேறு விஷயம் போலத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான். "எனக்கு இது பிடிக்கும், எனக்கு இது வேணும்" என்று ஒரு பெண் வாய் திறந்து சொல்லலாமா, கூடாதா?

யாரு உன் ஆளு?

செல்போன் உறைக்குள் ஒரு படம் எட்டிப் பார்த்தால் போதும், கிண்டல் ஆரம்பமாகிவிடும்.

"யாருடி இது, உன் ஆளா?"

"சும்மா இருங்கக்கா. எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்தா அவ்வளவுதான்!"

சிரிப்பு எழும். படம் உள்ளே போய்விடும்.

இந்த ஆசை இன்று நேற்று வந்ததல்ல. எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த "ஹரிதாஸ்" 1944-ல் வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் அது. அந்தக் கூட்டத்தில் பாட்டிமார்களும் இருந்தார்கள். அடுத்த தலைமுறைக்கு "காதல் மன்னன்" ஜெமினி கணேசன் வந்தார்.

1992-ல் "ரோஜா", 1995-ல் "பம்பாய்" வந்த பிறகு, "அரவிந்தசாமி மாதிரி மாப்பிள்ளை வேணும்" என்று சொல்லாத வீடு குறைவு. 2000-ல் "அலைபாயுதே" வந்ததும் அந்த இடத்துக்கு மாதவன் வந்தார்.

பாட்டிக்கு ஒருவர், அம்மாவுக்கு ஒருவர், மகளுக்கு ஒருவர். வரிசை தொடர்கிறது.

ஆண்கள் ரசித்தால் அதற்குப் பெயர் பக்தி. வானத்தை முட்டும் கட்-அவுட் வைப்பார்கள். பால் ஊற்றுவார்கள். முதல் காட்சிக்காக ராத்திரி முழுக்கத் தெருவில் நிற்பார்கள். "உனக்குத்தான் பொண்டாட்டி இருக்காளே, அப்புறம் எதுக்கு நடிகை படம்?" என்று யாரும் கேட்பதில்லை.

பெண் ரசித்தால் மட்டும் "கல்யாணம் ஆனவளுக்கு இது தேவையா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது.

"அவரைக் கட்டிக்கவா போறோம்? நாள் பூரா ஓடுறோம். அரைமணி நேரம் பார்த்தா மனசு லேசாகுது. அவ்வளவுதான்" என்பதுதான் பெரும்பாலான பெண்கள் சொல்லும் பதில்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அழகை மட்டும் பார்த்து இவர்கள் மயங்குவதில்லை. "ரோஜா"வில் கணவனுக்காக மனைவி அலைகிறாள். "பம்பாய்" படத்தில் குடும்பத்துக்காகக் கணவன் ஊரையே எதிர்த்து நிற்கிறான். மனைவியை மதிக்கிறவனாகத் திரையில் வருகிறவனைத்தான் இவர்களுக்கு ரொம்பப் பிடிக்கிறது.

அதனால்தான் ஒரு நட்சத்திரம் நிஜ வாழ்க்கையில் வீட்டுக்காக ஒரு காரியம் செய்தால், ரசிகைகள் அதை மறப்பதே இல்லை. விராட் கோலி போட்ட லீவு அப்படித்தான் இந்தப் பெட்டியில் நிலைத்துவிட்டது.

36 ரன்னும் ஒரு லீவும்

2020 டிசம்பர். ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் தொடர். கோலிதான் கேப்டன். மனைவி அனுஷ்கா சர்மாவுக்கு ஜனவரியில் பிரசவம்.

முதல் டெஸ்ட் முடிந்ததும் ஊருக்குப் போக வேண்டும் என்று கோலி முன்கூட்டியே கேட்டிருந்தார். கிரிக்கெட் வாரியமும் சம்மதித்தது.

அடிலெய்டில் நடந்த அந்த முதல் டெஸ்டில் இந்தியா இரண்டாவது இன்னிங்சில் 36 ரன்னுக்குச் சுருண்டது. டெஸ்ட் வரலாற்றில் இந்தியாவின் மிகக் குறைந்த ஸ்கோர் அது. "இந்த நேரத்துல கேப்டன் போகலாமா?" என்று நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது.

கோலி போனார். 2021 ஜனவரி 11-ந் தேதி பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்தபோது தகப்பன் பக்கத்தில் இருந்தார்.

தொடர் என்ன ஆயிற்று? ரகானே தலைமையில் மெல்போர்னில் வெற்றி, சிட்னியில் டிரா, பிரிஸ்பேனில் வெற்றி. 2-1 என்ற கணக்கில் தொடர் இந்தியாவுக்கு.

"கேப்டனே லீவுல போனார். டீம் ஜெயிச்சுதே! எங்க ஆபீஸ்ல ஒரு கிளார்க் லீவு போட்டா மட்டும் பில்டிங் இடிஞ்சு விழுந்துடுமா?" என்று இந்தப் பெட்டியில் கேட்டால், பதில் சொல்ல ஆள் கிடையாது.

சேலத்துப் பந்து வீச்சாளர்

அதே பயணத்தில் இன்னொரு தகப்பனும் இருந்தார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி டி.நடராஜன்.

2020 நவம்பரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்போது அவர் ஐ.பி.எல். போட்டிக்காக வெளிநாட்டில் இருந்தார். அங்கிருந்து அப்படியே ஆஸ்திரேலியா போனார். வலைப் பயிற்சியில் பந்து போட வந்தவர் ஒரு நாள் போட்டி, 20 ஓவர், டெஸ்ட் என மூன்று வகை ஆட்டத்திலும் அந்த ஒரே பயணத்தில் அறிமுகம் ஆனார். ஜனவரியில் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தார்.

கேப்டனுக்கு ஒரு விதி, வலைப்பயிற்சி வீரருக்கு ஒரு விதியா என்று சுனில் கவாஸ்கர் அப்போது எழுதினார். 1976-ல் தன் மகன் பிறந்தபோது கவாஸ்கரும் வெளிநாட்டுப் பயணத்தில்தான் இருந்தார். 2015 பிப்ரவரியில் டோனிக்கு மகள் பிறந்தபோது அவரும் உலகக் கோப்பைக்காக ஆஸ்திரேலியாவில் இருந்தார். "நாட்டுக்கான கடமையில் இருக்கிறேன், மற்றதெல்லாம் காத்திருக்கும்" என்ற பொருளில் டோனி அப்போது பேசியதை ரசிகர்கள் கைதட்டிப் பாராட்டினார்கள்.

ரசிகைகளிடம் இதில் இரண்டு கட்சி உண்டு.

"தோனி சொன்னதுதான் சரி. நாடு முக்கியம்" என்பது ஒரு கட்சி.

"காத்திருக்குமா? பிரசவ வலி காத்திருக்குமா? அந்தப் பொண்ணைக் கேட்டாங்களா?" என்பது மறு கட்சி.

ஆனால் நடராஜன் பேச்சு வந்தால் இரண்டு கட்சியும் ஒன்றாகிவிடும். "பாவம், புதுசா வந்த பையன். லீவு கேட்டா அடுத்த மேட்ச் கிடைக்குமோ, கிடைக்காதோ? எப்படிக் கேட்பான்?"

அவர் கேட்டாரா, கேட்க நினைத்தாரா என்பது வேறு விஷயம். "எப்படிக் கேட்பான்?" என்று சொல்லும்போது அந்தப் பெண்கள் தங்கள் கதையையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

ஏட்டில் உள்ள லீவு

சட்டப்படி பார்த்தால் தாய்மார்களுக்கு லீவு இருக்கிறது.

1961-ல் வந்த பேறுகாலச் சட்டம் 12 வாரச் சம்பளத்துடன் லீவு கொடுத்தது. 2017-ல் அது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம் இடம் பெற்றது. பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும்.

26 வாரம் என்ற கணக்கு சும்மா வந்ததல்ல. முதல் 6 மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 26 வாரம் என்றால் 6 மாதம்.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு இன்னும் கூடுதல். 2011-ல் 6 மாதம், 2016-ல் 9 மாதம், 2021 ஜூலை முதல் 12 மாதம்.

சரி, குறை எங்கே?

தனியார் கடை என்றால் குறைந்தது 10 பேர் வேலை பார்க்க வேண்டும். 9 பேர் உள்ள கடையில் நிற்கும் பெண்ணுக்கு இந்தச் சட்டம் துணைக்கு வராது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் வராது. ஏழைத் தாய்மார்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18 ஆயிரம் ரூபாய் உண்டு. ஆனால் அது உதவித்தொகை. லீவு ஆகாது. "மறுபடி வேலைக்கு எடுத்துக்குவாங்களா?" என்ற கவலையை அது தீர்க்காது.

இரண்டாவது குறை, செலவு. இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த பெண்ணுக்கு லீவுச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கழகமே கொடுக்கிறது. முதலாளி கையில் இருந்து போவதில்லை. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் முழுச் செலவும் முதலாளி தலையில் விழுகிறது. அதனால் கல்யாணம் ஆன பெண் வேலை கேட்டு வந்தால், "குழந்தை உண்டாம்மா? எப்போ பெத்துக்கப் போறே?" என்று சில இடங்களில் கேட்டுவிடுகிறார்கள்.

அதே கேள்வியை ஆணிடம் யாராவது கேட்டது உண்டா?

அப்பாவுக்கு?

மூன்றாவது குறை, அப்பாவுக்குச் சட்டமே இல்லை.

மத்திய அரசு ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் லீவு உண்டு. தனியாரில் பெரிய கம்பெனிகள் சில, தாங்களாகவே கொடுக்கின்றன. நாட்டில் எல்லோருக்கும் பொதுவான சட்டம் வரவில்லை. 2017-ல் மராட்டிய எம்.பி. ராஜீவ் சதவ் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

2023-ல் தென்காசி மாவட்டப் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர், மனைவியின் பிரசவத்துக்காக 90 நாள் லீவு கேட்டார். முதலில் கொடுத்தார்கள். பிறகு சட்டம்-ஒழுங்கு காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். அவர் குறித்த நாளில் வேலைக்குத் திரும்பாததால், பணியை விட்டு ஓடியவராக அறிவிக்கப்பட்டார். வழக்கு மதுரை ஐகோர்ட்டுக்குப் போனது. நீதிபதி எல்.விக்டோரியா கவுரி அந்த உத்தரவை ரத்து செய்தார். தகப்பனுக்கான லீவுக்குத் தனிச் சட்டம் தேவை என்றும் தீர்ப்பில் எடுத்துச் சொன்னார்.

இதில் பெண்களின் கணக்கு எளிமையானது. "அம்மாவுக்கு மட்டும் லீவுன்னு இருக்கிற வரைக்கும், பொம்பளையை வேலைக்கு வெச்சா நஷ்டம்னுதான் நெனைப்பாங்க. அப்பாவும் பத்து நாள் எடுத்தா, நஷ்டம் ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடும்ல?"

வேறு பயமும் இல்லாமல் இல்லை. "லீவு குடுத்தா எங்க வீட்டுக்காரர் டி.வி. பார்த்துக்கிட்டு ஒக்காந்திருப்பார். அவருக்கும் சேர்த்து நான்தான் காபி போடணும்!" என்று ஒருவர் சொன்னால், பெட்டியே ஆமாம் போடும்.

துப்பட்டாவும் பால் வலியும்

மாம்பலம் ஸ்டேஷன் வந்தால் பெட்டியில் பாதி காலியாகும். இறங்குகிறவர்களில் பலர் ரங்கநாதன் தெரு, தி.நகர் கடைகளில் வேலை செய்கிறவர்கள்.

பிள்ளை பெற்று சில மாதங்களில் கவுண்டருக்குத் திரும்பிய பெண்ணின் அவஸ்தை வெளியே தெரியாது. குழந்தை வீட்டில் பாட்டியிடம் இருக்கும். மதியம் ஆனால் பால் கட்டிக்கொண்டு வலி எடுக்கும். சேலை நனையும். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு "வாங்க மேடம், என்ன கலர் பார்க்கறீங்க?" என்று கேட்க வேண்டும்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றும் 2017 திருத்தம் சொன்னது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு முறை இடைவேளை உண்டு என்பது 1961 சட்டத்திலேயே இருந்தது.

"இதெல்லாம் அண்ணாச்சிகிட்ட எப்படிக்கா கேக்கறது? ஆம்பளைங்ககிட்ட பால் குடுக்கணும்னு சொல்றதா? வெக்கமா இருக்காதா?"

"அடக்கம்" இந்த இடத்தில்தான் விலை வாங்குகிறது. வீட்டில் சின்ன வயதில் இருந்து சொல்லிக்கொடுத்தது அது. சத்தமாகச் சிரிக்காதே, துப்பட்டாவைச் சரியாப் போடு, நைட்டியோடு கடைக்குப் போனால் மேலே ஒரு துண்டு போட்டுக்கொள். நைட்டி உடம்பை முழுக்க மூடும் உடைதான். ஆனாலும் மேலே ஒரு துண்டு!

ஆந்திராவில் தோகலபள்ளி என்ற கிராமம் 2018-ல் பகல் நேரத்தில் நைட்டி அணியத் தடை போட்டது. மீறினால் 2 ஆயிரம் ரூபாய் அபராதம். துப்புக் கொடுப்பவருக்கு ஆயிரம் ரூபாய் பரிசு!

உடையில் தொடங்கும் கட்டுப்பாடு வாய்க்கும் வந்துவிடுகிறது. உடம்பைப் பற்றிப் பேசினால் அடக்கம் இல்லாதவள் என்று பெயர். பேசாவிட்டால் சட்டம் கொடுத்த இடைவேளையும் போச்சு.

2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் பஸ் நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அதற்கு முன் பச்சைக் குழந்தையோடு பயணம் செய்த பெண்கள் தூண் மறைவையும், கழிவறை ஓரத்தையும் தேடினார்கள். அறை வந்ததும் வெட்கம் தானாகப் போய்விட்டது. குறை அடக்கத்தில் இல்லை, வசதியில்தான் இருந்திருக்கிறது.

நட்சத்திரத்துக்கும் இதே கதி

சாதாரணப் பெண்ணுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு என்று நினைத்தால் அது தப்பு.

ஜோதிகா 2006-ல் சூர்யாவை மணந்தார். இரண்டு குழந்தைகளுக்குத் தாயானார். "36 வயதினிலே" படத்தின் மூலம் கதாநாயகியாகத் திரும்பியது 2015-ல். அதில் அவருக்கு அரசு அலுவலக கிளார்க் வேடம். வீட்டிலும் ஆபீசிலும் மதிப்பில்லாத பெண் நிமிர்ந்து நிற்கும் கதை. அதே காலத்தில் சூர்யா இடைவெளி இல்லாமல் நடித்துக்கொண்டிருந்தார்.

குஷ்புவுக்கு ரசிகர்கள் கோயில் கட்டினார்கள் என்பது ஊர் அறிந்த கதை. 2005-ல் திருமணத்துக்கு முந்திய உறவு பற்றி ஒரு பத்திரிகையில் கருத்துச் சொன்னார். துடைப்பமும் செருப்புமாகப் போராட்டம் நடந்தது. தமிழ்நாட்டில் பல ஊர் கோர்ட்டுகளில் வழக்கு. 2010 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அத்தனை வழக்குகளையும் தள்ளுபடி செய்தது.

திரையில் சிரித்தபோது கோயில். வாய் திறந்து பேசியபோது துடைப்பம். "அவங்களுக்கே அப்படின்னா நம்ம எம்மாத்திரம்?" என்று இந்தப் பெட்டியில் பெருமூச்சு கேட்கும்.

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

ஆனால் கேட்டு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் கேப்டன் அல்ல.

டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு ரோடு வேலை செய்த பெண்கள் பிரசவ லீவு கேட்டார்கள். "நிரந்தர ஊழியருக்குத்தான்" என்றது நிர்வாகம். 2000-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு, தினக்கூலிப் பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

கேரளாவில் கோழிக்கோடு மிட்டாய்த் தெரு ஜவுளிக்கடைப் பெண்கள், உட்கார ஒரு ஸ்டூலும், போக ஒரு கழிவறையும் கேட்டுப் போராடினார்கள். 2018-ல் கேரள அரசு சட்டம் கொண்டுவந்தது. 2021-ல் தமிழ்நாடு சட்டசபையும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. இதே ரங்கநாதன் தெருவில் நின்றே தேயும் கால்களை 2010-ல் "அங்காடித் தெரு" படம் காட்டியிருந்தது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள். மறுமணம் செய்துகொண்டார். அந்தத் திருமணத்தில் குழந்தை பிறந்தபோது லீவு மறுக்கப்பட்டது. இரண்டு குழந்தைக்கு மேல் கிடையாது என்றார்கள். அவர் விடவில்லை. 2025 மே 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பேறுகால லீவு என்பது தாய்மை உரிமையின் ஒரு பகுதி என்றது.

தினக்கூலிக்காரர், ஜவுளிக்கடைப் பெண், பள்ளி ஆசிரியை. மூன்று பேரும் செய்தது ஒன்றுதான். வெட்கத்தை விட்டுக் கேட்டார்கள்.

மாலை ரெயில்

ராத்திரி 9 மணி. அதே பெட்டி, எதிர்த் திசையில். காலையில் வைத்த பூ வாடிவிட்டது. கால் வீங்கியவர்கள் செருப்பைக் கழற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

செல்போனில் கிரிக்கெட் ஓடுகிறது. கோலி பவுண்டரி அடித்தால் நான்கு தலை எட்டிப் பார்க்கும்.

"என்னக்கா, உங்க ஆளு ஃபார்ம்ல இருக்காரு போல!"

"ஆமாடி. என் ஆளுதான். அதுக்கென்ன இப்போ?"

இந்த முறை படத்தை யாரும் மறைக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கும் அடுத்த மாசம் ஒரு வாரம் லீவு கேக்கச் சொல்லியிருக்கேங்க்கா. எனக்குத் தேதி குடுத்திருக்காங்க. குடுப்பாங்களா தெரியலை."

"கேட்டாரா?"

"நாளைக்குக் கேக்கறேன்னார்."

"மொதல்ல கேக்கச் சொல்லு. நீயும் உங்க அண்ணாச்சிகிட்ட இ.எஸ்.ஐ. கார்டு கேட்டு வாங்கு."

பல்லாவரம் வந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வழி விட்டு மற்றவர்கள் ஒதுங்கினார்கள்.